கடலோரப் பயணம்: தருமபுரி, கிருஷ்ணகிரி வாசகர்களின் கேள்விகளும் பதில்களும்

கே: அப்பா, அம்மா, நாங்கள் இருவர், பிள்ளைகள் இருவர் என மொத்தம் ஆறு பேர். சொந்த கார் இருக்கிறது, ஐந்து நாள் லீவு. மாமல்லபுரம், புதுச்சேரி, சிதம்பரம், பிச்சாவரம், தரங்கம்பாடி, நாகூர், வேளாங்கண்ணி, ராமேஸ்வரம், கன்னியாகுமரி எல்லாவற்றையும் ஒரே சுற்றில் பார்த்துவிட முடியுமா? (ஆசிரியை, பாலக்கோடு)

பதில்: கார் போய்விடும், நீங்கள்தான் எதையும் பார்த்திருக்க மாட்டீர்கள். கணக்கைப் போட்டுப் பாருங்கள். பாலக்கோட்டிலிருந்து மாமல்லபுரம் ஏறக்குறைய 300 கி.மீ. அங்கிருந்து கரையோரமாகக் கன்னியாகுமரி வரை 800 கி.மீ.க்குக் குறையாது. திரும்பி வர, மதுரை, சேலம் வழியாகத் தருமபுரிக்கு இன்னொரு 550 கி.மீ. நாற்கரச் சாலையில் மணிக்கு 65 கி.மீ. சராசரி கிடைக்கும். கடலோரச் சாலையில் 45-ஐ எட்டினாலே நல்ல ஓட்டம். ஊருக்கு ஊர் வேகத்தடை, கடைத்தெரு, தேர்முட்டி, சாலையில் உலரும் நெல் என்று எல்லாம் குறுக்கே வரும். இப்படிப் பார்த்தால் ஐந்து நாளில் சுமார் 31 மணி நேரம் சீட்டிலேயே கழியும். பெரியவர்களோடு போகும்போது ஒன்றரை மணி நேரத்துக்கு ஒருமுறை நிறுத்த வேண்டும். அதைச் சேர்த்தால் இன்னும் கூடும்.

வேளாங்கண்ணியோடு முடித்துக்கொள்ளுங்கள். தெற்குப் பாதியை அடுத்த லீவுக்கு வையுங்கள். ஊர்ப் பட்டியலை எழுதும் முன் ராத்தங்கும் ஊர்களை எழுதுங்கள். நான்கு இரவு என்றால் மாமல்லபுரம், புதுச்சேரி, சிதம்பரம், வேளாங்கண்ணி. மற்ற எல்லாம் இந்த நான்குக்கும் நடுவே தானாக உட்கார்ந்துகொள்ளும்.

ஞாயிற்றுக்கிழமை கிளம்புங்கள். இதற்குக் காரணம் இருக்கிறது. சனி இரவு மாமல்லபுரத்தில் சென்னைக் கூட்டமும், புதுச்சேரியில் பெங்களூர்க் கூட்டமும் நிறைந்திருக்கும், அறை வாடகையும் ஏறியிருக்கும். ஞாயிறு மாலைக்கு மேல் இரண்டும் காலியாகும். செவ்வாயன்று கிளம்பினால் நான்காம் நாள் வெள்ளிக்கிழமை ஆகிவிடும். அன்று தரங்கம்பாடிக் கோட்டை அருங்காட்சியகத்துக்கு விடுமுறை, பூட்டிய கதவைத்தான் பார்த்துவிட்டு வர வேண்டும்.

முதல் நாள் காலை 5 மணிக்குப் புறப்பட்டு கிருஷ்ணகிரி, வேலூர், காஞ்சிபுரம், செங்கல்பட்டு வழியாகப் போனால் மதியச் சாப்பாட்டுக்கு மாமல்லபுரம். மூன்றரை மணி வரை பெரியவர்கள் படுத்து எழட்டும். பிறகு வெயில் சாய்ந்ததும் அர்ச்சுனன் தபசு, கிருஷ்ண மண்டபம், வெண்ணெய்உருண்டைப் பாறை. முதல் இரண்டுக்கும் கட்டணம் இல்லை. கடற்கரைக் கோயிலையும் ஐந்து ரதங்களையும் மறுநாள் காலைக்கு வையுங்கள். காலை 6 மணிக்கே திறந்துவிடுவார்கள். இரண்டுக்கும் சேர்த்து ஒரே டிக்கெட்தான், 40 ரூபாய், 15 வயதுக்குக் கீழ் இலவசம். அந்த நேரத்தில் சூரியன் கோயிலுக்குப் பின்னால் கடலிலிருந்து எழும். கோயில் முதலில் கறுப்பு நிழலாகத் தெரியும், கொஞ்ச நேரத்தில் உப்புக்காற்று அரித்த கல்லின் ஒவ்வொரு குழியும் துலங்கும். சிற்பங்களின் மூக்கும் விரலும் மழுங்கிப்போனதற்கு இந்தக் காற்றுதான் காரணம். அதே பல்லவர் காலத்துச் சிற்பங்கள் கரையிலிருந்து தள்ளி இருக்கும் தபசுப் பாறையில் கூர்மை குலையாமல் இருக்கின்றன. முந்தின மாலை அதைப் பார்த்திருந்தால் பிள்ளைகளுக்கு வித்தியாசம் உடனே புரியும்.

திங்கள் மதியம் புதுச்சேரி, 100 கி.மீ.க்கு உள்ளேதான். கடற்கரைச் சாலையில் மாலை 6 மணியிலிருந்து மறுநாள் காலை ஏழரை வரை வண்டி விடமாட்டார்கள். ஆகவே அறை எடுக்கும்போதே 'கார் நிறுத்த இடம் உண்டா, ஆறு மணிக்கு மேல் வண்டி உள்ளே வருமா' என்று கேட்டுவிடுங்கள். செவ்வாய் காலை ஆரோவில். அங்குள்ள தியான மண்டபமான மாத்ரிமந்திரைத் தூரத்திலிருந்து பார்க்கப் பார்வையாளர் மையத்தில் இலவச அனுமதிச் சீட்டு தருவார்கள். அங்கிருந்து சுமார் ஒரு கி.மீ. நடக்க வேண்டும். உள்ளே அமர வேண்டுமானால் பல நாள் முன்பே பதிந்திருக்க வேண்டும். நேரில் போய்க் கேட்டுப் பயனில்லை.

ஒன்றரை மணிக்கு ஆரோவில்லை விட்டால் சிதம்பரத்துக்கு நான்கு மணி. பகல் 12 மணியளவில் நடை சாத்திய நடராசர் கோயில் மாலை ஐந்துக்குத்தான் திறக்கும் என்பதால் இது சரியாகப் பொருந்தும். கடலோரப் பயணங்களைப் பெரும்பாலும் கெடுப்பது இந்த மத்தியான நடைசாத்தல்தான். பதினொன்றே முக்காலுக்கு ஓடிவந்து, சாத்திய கதவின் முன் நான்கு மணி நேரம் உட்கார்ந்திருக்கும் குடும்பங்களை எல்லாக் கோயில் ஊரிலும் பார்க்கலாம். மதியம் 12 முதல் 4 வரையான நேரத்தைப் பயணத்துக்கும் சாப்பாட்டுக்கும் கொடுங்கள், கோயிலுக்கு வேண்டாம்.

புதன் காலை எட்டு மணிக்குப் பிச்சாவரம் படகுத்துறையில் இருங்கள். சிதம்பரத்திலிருந்து 15 கி.மீ. மோட்டார் படகு அகலமான கால்வாயில் வேகமாகச் சுற்றிக் காட்டிவிடும். துடுப்புப் படகுதான் சுரபுன்னை வேர்கள் இரு பக்கமும் வளைந்து குகைபோல மூடிய சின்னக் கால்வாய்க்குள் நுழையும். அதற்காகத்தான் இவ்வளவு தூரம் வருகிறோம், துடுப்புப் படகையே கேட்டு வாங்குங்கள். தொப்பி அவசியம், தண்ணீர் பாட்டிலும் கையில் இருக்கட்டும்.

மதியம் தரங்கம்பாடி. டேனிஷ்காரர்கள் 1620-இல் கட்டிய கோட்டை, 1845-இல் ஆங்கிலேயருக்கு விற்கப்பட்ட ஊர். 1706-இல் இங்கே வந்திறங்கிய ஜெர்மன் பாதிரியார் சீகன்பால்குதான் தமிழில் புதிய ஏற்பாட்டை அச்சிட்டவர். கடல் அரித்துப் பாதி போன மாசிலாமணி நாதர் கோயிலைத் தவறவிடாதீர்கள். மாலை நாகூர், இரவு வேளாங்கண்ணி. வியாழன் காலை கிளம்பினால் திருவாரூர், தஞ்சாவூர், திருச்சி, நாமக்கல், சேலம் வழியாகப் பாலக்கோட்டுக்கு ஏறக்குறைய 370 கி.மீ. எட்டு மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள்.

கே: மேலே சொன்ன மாதிரிச் சுற்றுக்கு டீசல் எவ்வளவு எடுத்துவைப்பது? (போச்சம்பள்ளி)

பதில்: ஊருக்குள் சுற்றுவதையும் சேர்த்து 1,050 கி.மீ. லிட்டருக்கு 16 கி.மீ. கொடுக்கும் வண்டி என்றால் 66 லிட்டர். ஏ.சி. போட்டு, ஆறு பேரும் சாமான்களும் ஏறினால் மைலேஜ் இறங்கும், 75 லிட்டர் என்று எடுத்துவையுங்கள். டோல் தனி. ஃபாஸ்டேக்கில் பணம் இல்லாமல் போனால் யுபிஐ-யில் ஒன்றேகால் மடங்கு கட்ட வேண்டும். கிளம்பும் முன் இருப்பைப் பாருங்கள்.

கே: நாங்கள் ஓசூர். வழக்கமாக அரையாண்டு லீவில்தான் வெளியே போவோம். டிசம்பர் கடைசியில் கடலோரம் போகலாமா? (ஓசூர்)

பதில்: போகலாம், ஆனால் ரத்து செய்தால் பணம் திரும்பக் கிடைக்கும் அறையை மட்டும் பதியுங்கள். அக்டோபர் நடுவிலிருந்து டிசம்பர் முடிய வடகிழக்குப் பருவமழை. புயல்கள் அதிகம் கரை கடக்கும் மாதம் நவம்பர் என்றாலும் டிசம்பரையும் நம்ப முடியாது. 2011-இல் தானே புயல் கடலூர், புதுச்சேரியை அடித்தது டிசம்பர் 30 அன்று. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. மழை கொட்டியது. திருச்செந்தூர் பக்கம் போனவர்கள் நடுவழியில் சிக்கினார்கள்.

கடலில் அடிக்கும் புயல் கடலோரத்தோடு நின்றுவிடும் என்று எண்ண வேண்டாம். 2024 நவம்பர் 30 அன்று புதுச்சேரி அருகே கரை கடந்த ஃபெஞ்சல், ஓரிரு நாளில் நம் ஊத்தங்கரையில் 50 செ.மீ. மழையாக இறங்கி, சாலையோரம் நின்ற வண்டிகளை உருட்டிக்கொண்டு போனது. அதாவது புதுச்சேரியிலிருந்து திண்டிவனம், செஞ்சி, திருவண்ணாமலை, செங்கம், ஊத்தங்கரை வழியாக நாம் வீடு திரும்பும் சாலையும் அதே புயலின் பாதைதான். மழை எச்சரிக்கை வந்தால் போகும் ஊருக்கு மட்டும் பார்க்காமல் திரும்பும் வழிக்கும் பாருங்கள்.

நல்ல மாதங்கள் ஜனவரி முதல் மார்ச் நடு வரை. கோடியக்கரையில் பூநாரைகளையும் வெளிமான்களையும் பார்க்க நினைத்தால் ஜனவரிக்குள் போய்விடுங்கள். ஏப்ரல், மே மாதங்களில் ஓசூர்க்காரர்களுக்குக் கடலோரம் கடினம். தருமபுரி வெயில் காய்ச்சும், ஆனால் வியர்வை உலரும். கடற்கரையில் இரவு பத்து மணிக்கும் சட்டை உடம்போடு ஒட்டிக்கொண்டிருக்கும். போதாக்குறைக்கு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் கடலுக்குப் போகாததால் பெரிய மீன் விலை ஏறும், உணவகங்களில் ஐஸ் மீனே கிடைக்கும்.

திருவண்ணாமலை வழியாகப் போகிறவர்கள் பௌர்ணமி எந்த நாள் என்று காலண்டரைப் பார்த்துக்கொள்ளுங்கள். கிரிவலக் கூட்டத்தில் மாற்றுப்பாதையில் திருப்பிவிடுவார்கள், ஒன்று இரண்டு மணி நேரம் போய்விடும்.

கே: கார் இல்லை. எனக்கு 67, மனைவிக்கு 61. ரயிலில் கன்னியாகுமரி, திருச்செந்தூர் போய் வர வழி சொல்லுங்கள். (ஓய்வுபெற்றவர், கிருஷ்ணகிரி)

பதில்: மாவட்டத் தலைநகராக இருந்தும் கிருஷ்ணகிரிக்கு ரயில் நிலையம் இல்லை. இந்தப் பயணத்துக்குத் தருமபுரிக்குப் போய் ஏறுவதுதான் சுலபம், பஸ்ஸில் ஒரு மணி நேரம். பெங்களூரு-நாகர்கோவில் எக்ஸ்பிரஸ் ஓசூர், தருமபுரி, சேலம், மதுரை வழியாகப் போகிறது. இரவு ஏறினால் காலையில் நாகர்கோவில். அங்கிருந்து கன்னியாகுமரி 20 கி.மீ., பஸ் ஓயாமல் இருக்கும்.

வயதானவர்கள் பயணத்தில் கடைக்கோடி ஊருக்கு முதலில் போய்விட்டு, வீட்டை நோக்கி நெருங்கி வருவது நல்லது. உடம்பில் தெம்பு இருக்கும்போது நீளமான தூரம் முடிந்துவிடும். கன்னியாகுமரியில் இரண்டு இரவு. பிறகு கூடங்குளம், உவரி வழியாகத் திருச்செந்தூர், 90 கி.மீ.க்குச் சற்று முன்பின். வழியில் மணப்பாடு குன்றின் மேல் உள்ள திருச்சிலுவைக் கோயிலிலிருந்து கடலைப் பார்க்க அரை மணி நேரம் ஒதுக்கலாம், படி ஏற முடியும் என்றால் மட்டும். திருச்செந்தூரில் ஓர் இரவு. அடுத்த நாள் 40 கி.மீ. தூரத்தில் தூத்துக்குடி. அங்கே மாலையில் மைசூரு எக்ஸ்பிரஸ் ஏறினால் விடியும் முன் தருமபுரி. தூங்கிப்போனால் ஓசூர் போய்விடுவீர்கள், அலாரம் வையுங்கள்.

முன்பதிவு இப்போது 60 நாளுக்கு முன்தான் திறக்கிறது, காலை 8 மணிக்கு. கீழ் பெர்த் ஒதுக்கீட்டில் 60 வயது கடந்த ஆண்களும் 45 வயது கடந்த பெண்களும் வருவார்கள். ஆனால் ஒரே டிக்கெட்டில் ஒருவர் அல்லது இருவர் மட்டும் இருக்க வேண்டும். மகன், மருமகளையும் அதே டிக்கெட்டில் சேர்த்தால் இந்த ஒதுக்கீடு கிடைக்காது. நீங்கள் இருவரும் தனியாகப் போடுங்கள். மூத்த குடிமக்கள் கட்டணச் சலுகை 2020 மார்ச்சிலிருந்து இல்லை.

கே: ராமேஸ்வரத்துக்கு ஒரு நாள் போதுமா? தனுஷ்கோடிக்கு நம் காரிலேயே போகலாமா? (மாரண்டஅள்ளி)

பதில்: ஒரு முழு நாளும் அதற்கு முன் ஓர் இரவும் வேண்டும். விடியற்காலையில் கோயில், பிற்பகலில் தனுஷ்கோடி என்று வையுங்கள். மாற்றி வைத்தால் இரண்டும் கெடும்.

தீர்த்தமாடும் முறையைத் தெரிந்துகொண்டு போனால் தடுமாற்றம் இல்லை. முதலில் கோயிலுக்கு எதிரே கடலான அக்னி தீர்த்தத்தில் முழுக்கு. பிறகு ஈரத்துணியோடு உள்ளே போய் 22 தீர்த்தங்கள். கிணற்றின் மேல் நிற்பவர் வாளியில் இறைத்துத் தலையில் ஊற்றுவார். தரையெல்லாம் தண்ணீர், கருங்கல் வழுக்கும். பெரியவர்களின் கையைப் பிடித்துக்கொள்ளுங்கள், அவசரப்பட வேண்டாம். முடிந்ததும் உலர்ந்த உடை மாற்றித்தான் சன்னதிக்குப் போக முடியும். ஆகவே மாற்றுத் துணி ஒரு தனிப் பையில் இருக்கட்டும், அதை ஒருவர் நனையாமல் வைத்துக்கொண்டு காத்திருக்கட்டும். செல்போனை அறையிலேயே வைத்துவிடுங்கள், உள்ளே அனுமதி இல்லை. பெண்களுக்குக் கனமான காட்டன் புடவை நனைந்தால் நடக்கவே முடியாது. சுடிதாரோ லேசான சேலையோ சரி, வெளிர் நிறம் வேண்டாம்.

தனுஷ்கோடிக்கு அரிச்சல்முனை வரை 2017 முதல் தார்ச்சாலை உண்டு, காரிலேயே போகலாம். மாலை 5 மணிக்கு மேல் உள்ளே விடமாட்டார்கள், இருட்டும் முன் வெளியேறச் சொல்வார்கள். மூன்று மணிக்குப் போய்ச் சேருங்கள். 1964 டிசம்பர் 22 இரவுப் புயலில் ஊரும், பாம்பனிலிருந்து வந்த பயணிகள் ரயிலும் கடலோடு போயின. இடிந்த தேவாலயச் சுவரில் பவளக்கல் தெரிகிறதா என்று பாருங்கள். சாலையின் ஒரு பக்கம் அலையில்லாத பாக் நீரிணை, மறுபக்கம் சீறும் மன்னார் வளைகுடா. அந்தப் பக்கத்து மீனவர்கள் முன்னதைப் பெண்கடல், பின்னதை ஆண்கடல் என்பார்கள். எதிலும் இறங்கிக் குளிக்க வேண்டாம்.

தார்ச்சாலையை விட்டு ஓரமாக மணலில் காரை இறக்காதீர்கள். படம் எடுக்க நான்கு அடி இறக்கிய கார் அச்சு வரை புதைவது அங்கே அடிக்கடி நடக்கிறது. மேலே காய்ந்த மணல், கீழே ஈரக்குழம்பு. புதைந்துவிட்டால் ஆக்சிலேட்டரை அழுத்தாதீர்கள், சக்கரம் சுழலச் சுழல இன்னும் கீழே போகும். எல்லோரும் இறங்குங்கள். சக்கரத்துக்கு முன்னும் பின்னும் மணலைக் கையால் அள்ளுங்கள். இன்ஜின் சுழற்றும் சக்கரங்களில் காற்றை 18, 20 பி.எஸ்.ஐ. வரை இறக்குங்கள். டயர் தட்டையாகி மணலில் அதிகப் பரப்பு பதியும். சக்கரத்தடியில் கால்மிதிகளைச் செருகி, வந்த தடத்திலேயே ரிவர்ஸ் கியரிலோ, முன்னோக்கி என்றால் இரண்டாம் கியரிலோ மெதுவாக எடுங்கள். தார் ஏறியதும் மெதுவாக ஓட்டிப் போய் முதலில் காற்றை நிரப்புங்கள்.

ஊர் திரும்பியதும் வண்டியின் அடிப்பாகத்தை நல்ல தண்ணீரால் அடித்துக் கழுவச் சொல்லுங்கள். மேலே மட்டும் பளபளக்கக் கழுவிவிட்டால் சைலன்சரும் பிரேக் பைப்பும் உப்பில் துருப்பிடிக்கும்.

கே: உறவினர்கள் 14 பேர், வேன் பிடித்துப் போக இருக்கிறோம். எதைப் பேசிக்கொள்ள வேண்டும்? (காவேரிப்பட்டணம்)

பதில்: முதலில் மஞ்சள் போர்டா என்று பாருங்கள். தெரிந்தவருடைய வெள்ளை போர்டு வண்டி சல்லிசாகக் கிடைக்கும். வாடகைக்குப் போனது தெரிந்தால் விபத்தில் இன்சூரன்ஸ் கைவிரித்துவிடும். 14 பேர் என்றால் 12 சீட்டில் நெருக்கி உட்காராமல் பெரிய வண்டியாகப் பிடியுங்கள். சாமான் வைக்க இடம் கேட்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள்.

பேச்சில் தெளிவாக்க வேண்டியது: நாளொன்றுக்குக் குறைந்தபட்சக் கி.மீ. எவ்வளவு, கி.மீ. எங்கிருந்து தொடங்கும் (ஷெட்டிலிருந்தா, உங்கள் வீட்டிலிருந்தா), 'நாள்' என்பது இரவு 12-இல் முடிகிறதா, 24 மணி நேரமா. குறைந்தபட்சம் 250 கி.மீ. என்று பேசிவிட்டு, 90 கி.மீ. மட்டும் ஓடும் புதுச்சேரி நாளுக்கும் 250-க்குக் கொடுக்க வேண்டிவரும். நள்ளிரவுக் கணக்கு என்றால், ராத்திரி 10 மணிக்குக் கிளம்பினால் அந்த இரண்டு மணி நேரமே ஒரு நாள். அதிகாலை ஐந்துக்குக் கிளம்புங்கள். புதுச்சேரியும் காரைக்காலும் தமிழ்நாட்டுக்கு வெளியே, யூனியன் பிரதேசம். பர்மிட் கட்டணம் வாடகையில் சேர்ந்ததா என்பதை முதலிலேயே எழுதி வாங்குங்கள். டிரைவர் பேட்டா, டோல், பார்க்கிங் மூன்றையும் தனித்தனியாக எழுதிவையுங்கள்.

டிரைவருக்கு இரவில் ஆறு மணி நேரமாவது படுக்க இடம் ஏற்பாடு செய்யுங்கள், வண்டி சீட்டில் அல்ல. நம் ஆட்கள் இரவெல்லாம் ஓட்டி அறை வாடகையை மிச்சம் பிடிக்கப் பார்க்கிறார்கள். விடியற்காலை மூன்றிலிருந்து ஐந்துக்குள் கண் அசருவது மனித உடம்பின் இயல்பு, எந்த டீயும் அதைத் தடுக்காது. தெற்கே போகும்போது தொப்பூர் கணவாய் இறக்கத்தைப் பகலில் கடக்க முடிந்தால் நிம்மதி. லாரிகள் பிரேக் சூடேறி வரும் இடம் அது. சின்ன கியரில், முன்வண்டிக்கு நல்ல இடைவெளி விட்டு இறங்கச் சொல்லுங்கள்.

கே: ஆகஸ்ட் கடைசி வாரம் வேளாங்கண்ணி போகலாமா? (பென்னாகரம்)

பதில்: திருவிழாவுக்காகப் போகிறீர்கள் என்றால் போகலாம். ஆகஸ்ட் 29 கொடியேற்றம், செப்டம்பர் 8 அன்னையின் பிறந்தநாள். அறை கிடைக்காது, கிடைத்தாலும் வாடகை பல மடங்கு. சுற்றிப்பார்க்க மட்டும் என்றால் வேறு வாரம் பாருங்கள்.

கே: பிள்ளைகள் நன்றாக நீச்சல் தெரிந்தவர்கள், கிணற்றில் குதித்துப் பழகியவர்கள். கடலில் இறக்கலாமா? (அரூர்)

பதில்: கிணற்று நீச்சல் கடலில் உதவாது. ஒகேனக்கல்லில் மேலே அமைதியாகத் தெரியும் தண்ணீர் அடியில் இழுப்பதைப் பார்த்திருப்பீர்கள். கடலில் அலை கரைக்கு வந்த தண்ணீர் ஒரு குறுகிய தடத்தில் வேகமாக உள்ளே திரும்பும். அந்தத் தடத்தில் அலை உடையாது, பார்க்க அமைதியாக இருக்கும், 'இங்கே பத்திரம்' என்று அங்கேதான் எல்லோரும் இறங்குவார்கள். மாமல்லபுரத்தில் உயிர் போவது இப்படித்தான். இழுத்தால் கரையை நோக்கி எதிர்நீச்சல் போடக் கூடாது, பத்து நிமிடத்தில் கை ஓய்ந்துவிடும். கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்தித் தடத்தை விட்டு வெளியே வந்து, அலையோடு கரையேற வேண்டும். முடியாவிட்டால் மல்லாந்து மிதந்து கையை உயர்த்துங்கள். இதைப் பிள்ளைகளுக்கு வீட்டிலேயே சொல்லிக்கொடுத்துவிட்டு, கடலில் முழங்கால் வரை மட்டும் விடுங்கள். கரையில் ஒருவர் செல்போனைப் பார்க்காமல் அவர்களையே பார்த்துக்கொண்டிருக்கட்டும்.

கே: கன்னியாகுமரியில் போன முறை சூரியன் கடலில் மறைவதையும் பார்க்க முடியவில்லை, படகும் கிடைக்கவில்லை. எப்போது போனால் இரண்டும் அமையும்? (ஊத்தங்கரை)

பதில்: கோடையில் போயிருப்பீர்கள். சித்திரை முதல் ஆவணி வரை சூரியன் வடமேற்காகச் சாயும். குமரியின் மேற்குக் கரையும் வடமேற்காகவே நீள்வதால் சூரியன் நிலத்துக்குப் பின்னால் போய்விடும். கார்த்திகை முதல் மாசி வரை தென்மேற்கே இறங்குவதால் கடலிலேயே முழுகுவது தெரியும். உதயம் எல்லா மாதமும் உண்டு, ஜனவரியில் ஆறரைக்குப் பிறகுதான், நாலரைக்கே எழுந்து ஓட வேண்டாம். சித்திரா பௌர்ணமி மாலையில் மேற்கே சூரியனும் கிழக்கே நிலவும் ஒரே நேரத்தில் தெரியும், அதற்கென்று தனிக் கூட்டம் வரும்.

விவேகானந்தர் பாறைக்குப் போகும் படகு காலை 8 மணிக்குத் தொடங்கி மாலை 4 மணியோடு டிக்கெட் நிற்கும். ஜூன் முதல் ஆகஸ்ட் வரை தென்மேற்குக் காற்றில் கடல் கொந்தளித்தாலும், நீர்மட்டம் தாழ்ந்தாலும் அன்றைக்கு நிறுத்திவிடுவார்கள். அதனால்தான் அங்கே இரண்டு இரவு தங்கச் சொல்கிறோம். முதல் நாள் நின்றுபோனால் இரண்டாம் நாள் கையில் இருக்கும். ஜனவரி கூட்டத்தில் ஏழு மணிக்கே வரிசையில் நில்லுங்கள். விவேகானந்தர் பாறையில் இறங்கி, 2024 டிசம்பர் 30 அன்று திறந்த 77 மீட்டர் கண்ணாடிப் பாலத்தின் வழியே வள்ளுவர் சிலைக்கு நடந்தே போகலாம். 38 அடிப் பீடம், 95 அடிச் சிலை, சேர்த்து 133 அடி. பீடத்துக்கு உள்ளே படியேறி வள்ளுவரின் பாதம் வரை போக முடியும். அங்கே காற்று பலமாக அடிக்கும். தொப்பியையும் கண்ணாடியையும் பைக்குள் வைத்துவிட்டு ஏறுங்கள்.